சிசிலி அக்காவின் சிப்பாய் ஜேர்மன்

முழங்கால் வலிக்காக வைத்தியரிடம் போன சிசிலி அக்கா, அவர் காட்டிய கதிரையில் உட்காரவில்லை. கதவடியில் நிமிர்ந்து நின்று ஜேர்மன் மொழியில் அறிக்கை கொடுத்தார்.

"நிலைமை: இடது முழங்கால். எதிரி: படிக்கட்டு, மூன்றாம் மாடி. சொந்த இழப்பு: இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசை. கோரிக்கை: உடனடி உதவி."

வைத்தியர் பேனையைக் கீழே வைத்தார். அவர் இளவயதில் கட்டாயப் படைச்சேவை செய்தவர்.

"எந்தப் படைப்பிரிவு?" என்று கேட்டார்.

"உருளைக்கிழங்கு," என்றார் சிசிலி அக்கா.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. மன்னாரில் பிறந்தவர். கொலோன் நகரத்தின் கிழக்கு ஓரத்தில், கணவர் ராசனோடும் மகள் லவினியாவோடும் வசிக்கிறார். வீட்டிலிருந்து இருபது நிமிடப் பஸ் தூரத்தில் ஒரு படைமுகாம். அதன் உணவுக்கூடத்தில் இருபத்துநாலு வருடமாகப் பரிமாறும் வேலை. அவர் பேசுகிற ஜேர்மன் முழுவதும், தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்ற சிப்பாய்களிடமிருந்து காதால் பொறுக்கியது. வேறு ஜேர்மன் அவருக்குத் தெரியாது. வேறு ஜேர்மன் ஒன்று உண்டு என்பதே அவருக்குப் பல வருடம் தெரியாது.

வெதுப்பகத்தில், "நாலு பணிஸ், நிறைவேற்றவும்!" என்பார். லவினியா படித்த பள்ளியில் பெற்றோர் சந்திப்பு முடிந்ததும் அதிபருக்குக் கைகொடுத்து, "வெக்ட்ரேட்டன்!" என்றார். போய்வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லும் சொல் அதுதான் என்று நம்பியிருந்தார். தினமும் முகாம் முற்றத்தில் அணி கலையும்போது அதைத்தானே சொல்கிறார்கள்? உண்மையில் அது 'கலைந்து போ' என்ற கட்டளை. அதிபர் மறுபேச்சில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டார். நடைவழியில் பாதித் தூரம் போன பிறகுதான், அது தன்னுடைய அறை என்ற நினைவு அவருக்கு வந்ததாம்.

சிரிக்கலாம். சிசிலி அக்காவே இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பவர்தான். ஆனால் சிரிப்பவர்கள் கூடவே ஒரு கேள்வியையும் கேட்கவேண்டும். ஒரு பெண் இந்த நாட்டின் மொழியை ஏன் உணவு வரிசையில் கற்கவேண்டி வந்தது?

அவர் 1992இல் வந்தார். கையில் கொடுத்த காகிதத்தின் பெயர் 'டுல்டுங்'. 'உன்னைச் சகித்துக்கொள்கிறோம்' என்பது அதன் பொருள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் அந்தச் சகிப்பைப் புதுப்பிக்கவேண்டும். இப்படி எட்டு வருடம். சகித்துக்கொள்ளப்படுபவர்களுக்கு மொழி வகுப்பு கிடையாது என்றார்கள். ஒரு மனிதரை எட்டு வருடம் சகித்துக்கொள்ள முடிந்த அரசுக்கு, அவருக்கு எட்டு வினைச்சொல் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. பிறகு அதே நாட்டின் பெரிய மனிதர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, வெளிநாட்டவர்கள் மொழி கற்க விரும்புவதில்லை என்று கவலைப்பட்டார்கள். கதவைப் பூட்டிவிட்டு, ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கிற கவலை அது.

2001 தொடக்கத்தில் வதிவிட அனுமதி கிடைத்தது. கிடைத்த முதல் வேலை இந்த முகாமில். ஒரு படைக்குப் பயந்து ஓடி வந்தவருக்கு இன்னொரு படைக்குச் சோறு போடுகிற வேலை. முதல் மாதத்திலேயே ஒரு நாள் சமையற்காரர் சொன்னார்: "நாளைக்குக் கூலாஷ் பீரங்கியை வெளியே எடுக்கிறோம். நீங்கள் அதற்குப் பக்கத்தில் நில்லுங்கள்." பீரங்கி என்ற சொல் மட்டும் அக்காவுக்கு விளங்கியது. மன்னாரில் பீரங்கி எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்கு எதிர்ப் பக்கம் ஓடுவதுதான் வழக்கம். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் வந்து பார்த்தால், பின்முற்றத்தில் சக்கரம் பூட்டிய ஒரு பெரிய அடுப்பு நின்றது. புகைபோக்கி பீரங்கிக் குழாய்போல மேலே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இறைச்சிக் குழம்பு. வெளிக்களத்தில் சமைக்கும் வண்டிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் அது. அன்றைக்கே அக்கா ஒரு முடிவெடுத்தார்: இவர்கள் பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் கற்றுக்கொள்வது. இல்லாவிட்டால் ஒவ்வொரு குழம்புக்கும் ஓடவேண்டியிருக்கும்.

கற்றார். அந்தப் பாடத்தில்தான் 'ஒரு இரவு' என்ற விதியும் வந்தது.

விடுமுறை ரத்தான ஒரு சிப்பாய் மேசையில் குத்திக்கொண்டிருந்தான். இப்போதே போய் அதிகாரிமேல் முறைப்பாடு கொடுக்கிறேன் என்று நின்றான். மற்றவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "இன்றைக்குக் கொடுக்க முடியாது. ஒரு இரவு கழியவேண்டும்." சிசிலி அக்கா, பக்கத்தில் நின்ற பிரிங்க்மன் என்ற இளம் சார்ஜன்டிடம் இது என்ன என்று விசாரித்தார். "எங்களிடம் அப்படித்தான், ஃபிராவ் ராசன். சம்பவம் நடந்த நாளிலேயே முறைப்பாடு கொடுக்க முடியாது. ஒரு இரவு தூங்கி எழும்பவேண்டும். சட்டம்."

ஃபிராவ் என்றால் திருமதி. 'எங்களிடம்' என்று அவர் சொன்னது படையை. சிசிலி அக்கா அதை ஜேர்மனி என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தப் படையையும் புகழ வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கடைநிலைச் சிப்பாய் தன் அதிகாரிமேல் எழுத்தில் முறையிடலாம், அந்தக் கடிதத்தை விசாரித்தே ஆகவேண்டும் என்று எழுதிவைத்திருப்பது சின்ன விடயமல்ல. முறைப்பாடும் முறையிட்டவனும் ஒன்றாகவே காணாமல் போகிற முகாம்களைக் கண்ட ஒரு பெண்ணுக்கு அது பெரிய அதிசயமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மேல்மாடிக்காரர் இரவெல்லாம் இசை போட்டால், அக்கா மறுநாள் காலைதான் கதவைத் தட்டுவார். மாதாவின் திருநாள் சமையலில், "சிசிலியின்ரை கறியிலை உப்பு ஊரைக் கூட்டுது" என்று யாரோ சொன்னபோது, வாய் திறக்காமல் வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் ஒன்பது மணிக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, நேற்று நீங்கள் சொன்னதுக்கு இண்டைக்கு முறைப்பாடு." சிறுவர் பள்ளியில் ஒரு பையன் கையைக் கடித்ததை லவினியா மறுநாள்தான் ஆசிரியையிடம் சொன்னாள். ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "இரவு கழியவில்லையே" என்றாள். ராசன் அண்ணைக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் முழுத் திருப்தி. வீட்டில் எந்தச் சண்டையும் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போகும். பாதிச் சண்டை வழியிலேயே தொலைந்துவிடும்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, போன வசந்தத்தில் உணவுக்கூடத்தை ஒரு ஒப்பந்த நிறுவனம் எடுத்தது. புதிய பொறுப்பாளர் வந்தார். பெயர் டீட்ஸ். நாற்பது வயது, எப்போதும் கையில் ஒரு பட்டியல். படையில் ஒரு நாளும் இருந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சிசிலி அக்காவைக் கூப்பிட்டு, நாளை முதல் அவர் பரிமாறும் மேசையில் நிற்கவேண்டாம் என்றார். பின்னால் சட்டி கழுவும் அறை.

"ஏன்?"

"உங்கள் ஜேர்மன் சிப்பாய்களுக்கு விளங்கவில்லை."

சிசிலி அக்கா, உத்தரவை ஏற்கும் சிப்பாயைப்போல "யாவோல்" என்றார். வேறொன்றும் பேசவில்லை. இரவு கழியவில்லையே.

பரிமாறும் மேசை என்றால் அவருக்கு என்ன என்று தெரியவேண்டும். வரிசையில் வரும் முந்நூறு முகங்களும் அவருக்குத் தெரியும். பன்றி இறைச்சி சாப்பிடாதவர் யார், வெளிநாட்டுப் பணியிலிருந்து மெலிந்து வந்தவர் யார், காதலி விட்டுப்போனதால் தட்டை அளைந்துகொண்டிருப்பவர் யார் என்றெல்லாம் தெரியும். இந்த நாட்டில் அவரோடு தினமும் பேசுகிற ஜேர்மன்காரர்கள் அந்த வரிசையில்தான் இருந்தார்கள். சட்டி அறையில் யன்னல் இல்லை. நீராவியும் ஒரு இயந்திரமும். அங்கே போனால், இருபத்துநாலு வருடம் சேர்த்த மொழியைப் பேசுவதற்கு ஆளில்லை.

மறுநாள் அவருக்குப் பத்து மணி வேலை. காலைச் சாப்பாட்டு மேசையில் பால் விடாத பிளேன்ரீயை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"பிள்ளை, பேனை எடு. முறைப்பாடு எழுதவேணும். ஒரு ராத்திரி கழிஞ்சுது."

லவினியா காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரு கடிதம் எழுதுமுன் சட்ட இலக்கத்தைத் தேடுவது அவளுக்குப் பழக்கம். கைபேசியைத் தட்டினாள்.

"அம்மா, இந்த ராத்திரிச் சட்டத்திலை 'சிப்பாய்' எண்டெல்லே போட்டிருக்கு."

"ஓம். அதுக்கென்ன?"

"நீங்கள் சிப்பாயோ?"

சிசிலி அக்கா கதிரையில் சாய்ந்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்லைத்தான்."

"அப்ப இது உங்களுக்கில்லை. தோளிலை துவக்கு வைச்சிருக்கிறவைக்கு. கோபத்தோடை ஏதும் செய்துபோடாமல் ஆறி எழும்பட்டும் எண்டு ஒரு ராத்திரி குடுத்திருக்கினம். உங்கட கையிலை அகப்பை, அம்மா. நீங்கள் நேற்று அந்த இடத்திலையே கத்தியிருக்கலாம்."

"மேல்மாடிக்காரனுக்கு?"

"நடுச்சாமத்திலையே போய்த் தட்டியிருக்கலாம்."

"உப்புக் கதைக்கு?"

"அதே இடத்திலை. கறிச்சட்டியோடை."

ராசன் அண்ணை பேப்பருக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "எடி பிள்ளை, இதை ஏன் இப்ப சொன்னனி? நான் இவ்வளவு காலமும் நிம்மதியாய் இருந்தனான்."

"நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ," என்றார் சிசிலி அக்கா. "உங்களுக்கெண்டு ஒரு நீட்டு லிஸ்ற் இருக்கு. முதல்லை டீட்ஸ்."

"அம்மா, கடிதம்?"

"கடிதம் வேண்டாம். வாய் இருக்கு."

மத்தியானம் பன்னிரண்டுக்கு வரிசை நீளமாக நின்றது. சட்டி அறைக் கதவு திறந்தது. றப்பர் மேலங்கியில் தண்ணீர் சொட்டச் சொட்ட சிசிலி அக்கா வெளியே வந்து, பரிமாறும் மேசையருகே பட்டியலோடு நின்ற டீட்ஸின் முன்னால் குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"ஹெர் டீட்ஸ், ஃபிராவ் ராசன் முறைப்பாட்டோடு வந்திருக்கிறேன். என் ஜேர்மன் விளங்கவில்லை என்றீர்கள். சொன்னது யார்? எப்போது? எங்கே? என்ன சொல்?"

சிப்பாய்கள் களத்திலிருந்து அறிக்கை கொடுக்கும் ஒழுங்கு அது. யார், எப்போது, எங்கே, என்ன. வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"இங்கே வேண்டாம், என் அறைக்கு வாருங்கள்."

"வரிசையைப் பற்றிய பேச்சு. வரிசைக்கு முன்னால்."

"பலர் சொன்னார்கள்."

"பலர் என்று ஒரு பெயர் எனக்குத் தெரியாது. பட்டியலில் பாருங்கள்."

வரிசையில் மூன்றாவதாக நின்றவர் பிரிங்க்மன். 'ஒரு இரவு' விதியைச் சொன்ன அந்த இளம் சார்ஜன்டுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. தோளில் மஞ்சள் கயிறு. கம்பனி என்ற படைப்பிரிவின் மூத்த சார்ஜன்ட். அந்தப் பதவிக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் 'ஷ்பீஸ்', ஈட்டி. அதே ஆளைக் கம்பனியின் அம்மா என்றும் சொல்வார்கள். கோபம், பசி, காய்ச்சல், விடுமுறை எல்லாம் அவருடைய மேசைக்குத்தான் வரும்.

"ஹெர் டீட்ஸ், என் ஆட்கள் முறையிட்டிருந்தால் அது என்னிடம் வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை," என்றார் பிரிங்க்மன். கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "ஃபிராவ் ராசன் பேசுவது யாருக்கு விளங்கவில்லை? கையை உயர்த்துங்கள்."

முந்நூறு பேர். ஒரு கையும் உயரவில்லை. டீட்ஸின் முகம் சிவந்தது.

அப்போது சுவரோர மேசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. பயிற்சிக்கு வந்து மூன்று வாரமான ஒரு பெண். கொஞ்சம் பருமனானவள்.

"எனக்கு அவர் சொல்வது விளங்குகிறது," என்றாள். "நன்றாகவே விளங்குகிறது. அதுதான் பிரச்சினை."

"சொல்லுங்கள்."

"உருளைக்கிழங்குக்காகத் தட்டை நீட்டினேன். என்னைப் பார்த்து 'ஷ்டொப்ஃபன்!' என்று கத்தினார். ஒரு தடவை இல்லை, மூன்று நாள்."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு. ஏனென்றால் முகாமுக்கு வெளியே பேசும் ஜேர்மனில் அந்தச் சொல்லுக்கு 'திணி' என்று பொருள். தலையணைக்குள் பஞ்சு திணிப்பது, வாய்க்குள் சாப்பாடு திணிப்பது. தட்டோடு நிற்கும் ஒரு பருமனான பெண்ணிடம் அதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் தன் தோழிகளிடம் சொல்லி அழுதிருக்கிறாள். தோழி ஒருத்தி அதை டீட்ஸின் காதில் போட்டிருக்கிறாள். டீட்ஸ் செய்ததுதான் கவனிக்கவேண்டியது. ஊழியர் ஒருவர் சிப்பாயை இழிவுபடுத்தினார் என்றால் விசாரிக்கவேண்டும், இரண்டு பக்கமும் கேட்கவேண்டும், காகிதம் எழுதவேண்டும். அந்தச் சிரமம் எதற்கு? 'உங்கள் ஜேர்மன் விளங்கவில்லை' என்றால் கதை முடிந்தது. வெளிநாட்டுக்காரியின் நாக்கில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சாட்சி தேவையில்லை என்று எல்லா நாட்டிலும் ஒரு எண்ணம் இருக்கிறது.

பிரிங்க்மன் தன் தட்டை மேசையில் வைத்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது.

"அவர் அப்படிச் சொன்னபோது உருளைக்கிழங்குத் தட்டம் எப்படி இருந்தது?"

"வெறுமையாக இருந்தது."

"நீங்கள் சுடுதளத்துக்குப் போய்விட்டீர்களா?"

"இல்லை. அடுத்த வாரம்."

"அடுத்த வாரம் அங்கே 'ஷ்டொப்ஃபன்!' என்று நான் கத்துவேன். கேட்ட கணமே எல்லோரும் சுடுவதை நிறுத்தவேண்டும். படையில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம். நிறுத்து!"

"யாவோல்," என்றார் சிசிலி அக்கா. "தட்டம் முடிந்தால் ஷ்டொப்ஃபன். புதுத் தட்டம் வந்தால், சுடலாம் என்று கட்டளை. இருபத்துநாலு வருடம் அப்படித்தான் சொல்கிறேன்."

பழைய சிப்பாய்களின் மேசையில் முதலில் வெடித்த சிரிப்பு கூடம் முழுவதும் பரவியது. சிசிலி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற சமையற்காரரிடம் அந்தச் சொல்லின் மற்ற அர்த்தத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். தெரிந்ததும், "ஐயோ மாதாவே, திணி எண்டோ!" என்று தமிழில் சத்தமாகச் சொன்னார். மேசையைச் சுற்றிக்கொண்டு நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"மன்னிக்கவேண்டும். நான் உங்களுக்குச் சொல்லவில்லை. உருளைக்கிழங்குக்குச் சொன்னேன்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்து, பிறகு சிரிப்பு வந்தது. "நானும் உங்களிடமே கேட்டிருக்கவேண்டும்," என்றாள். "இப்போது உருளைக்கிழங்கு இருக்கிறதா?"

சிசிலி அக்கா எட்டிப் பார்த்தார்.

"இல்லை. ஷ்டொப்ஃபன்."

இந்தத் தடவை அவரும் சிரித்தார். டீட்ஸ் பட்டியலைப் பார்த்தபடி, நாளைக்கே மேசைக்குத் திரும்பலாம் என்றார். "வாயால் சொன்னால் போதாது," என்றார் அக்கா. "சட்டி அறைக்கு அனுப்பிய காரணம் தவறு என்று எழுதித் தாருங்கள். இன்றைக்கே." பின்னேரம் மூன்று மணிக்குக் காகிதம் வந்தது. அன்றிரவு வீட்டில் லவினியா அதை இரண்டு தரம் வாசித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினாள்.

கோயிலில் இதை அந்தோனியார் செய்த உதவி என்றார்கள். அந்தோனியாரோடு யாருக்கும் சண்டையில்லை. ஆனால் நடந்தது வெளிச்சமாகத் தெரிகிறது. யார், எப்போது, எங்கே, என்ன என்று நாலு கேள்வி கேட்கப்பட்டது. நாலுக்கும் பதில் வந்தபோது ஒரு பொய்க் காரணம் விழுந்தது. கூடவே, கேள்வி கேட்டவருடைய பிழையும் வெளியே வந்தது. அதையும் அவர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். நியாயம் கேட்பவர் இவ்வளவு செய்தால் போதும். மெழுகுதிரி அவரவர் விருப்பம்.

அடுத்த வாரம் நல்ல மழை. சிசிலி அக்கா மேசையில் நின்று பருப்புச் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். தெப்பமாக நனைந்தபடி டீட்ஸ் உள்ளே வந்தார். அங்குமிங்கும் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து, வரிசைக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஃபிராவ் ராசன், பயிற்சிப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. நாற்பது பேருக்குச் சூப், டக்கல் கராஜுக்குக் கொண்டுவரவேண்டுமாம். வாகனக் கொட்டகையை இரண்டு தடவை சுற்றிவிட்டேன். நாய் நிறுத்துகிற கராஜ் ஒன்றையும் காணவில்லை."

டக்கல் என்பது கால் குட்டையான, உடம்பு நீண்ட ஒரு நாய். அந்த நாய்தான் நுழையலாம் என்கிற அளவில், இரண்டு பேர் படுக்கும் சிறிய கூடாரத்துக்குச் சிப்பாய்கள் வைத்த பெயர் டக்கல் கராஜ்.

"கொட்டகையில் தேடவேண்டாம்," என்றார் சிசிலி அக்கா. "வடக்கு வேலிக்கு அப்பால், காட்டோரம். பச்சைக் கூடாரம், இருபது இருக்கும். நாய் கிடையாது, நனைந்த பிள்ளைகள்தான்."

டீட்ஸ் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பேனையை எடுத்தார். "டக்கல் கராஜ்... வேறு என்னென்ன சொற்கள் இருக்கின்றன? எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன்."

"எழுதலாம், எழுதலாம்," என்று சூப் வாளியின் மூடியை இறுக்கி அவர் பக்கம் தள்ளினார் அக்கா. "முதலில் இதைக் கொண்டுபோங்கள். ஆறுகிறது."